சந்தைவெளியில் மாலைவரை நின்றவர்கள்

வேதபாடம்: மத்தேயு 20:1–16, லூக்கா 6:6–11, லேவியராகமம் 14:1–9



 இந்த இதழின் வேதபாடத்தை வீட்டில் தனியாக வாசிப்பவர்கள் மேலே குறிக்கப்பட்ட மூன்று பகுதிகளையும் முதலில் வேதாகமத்தில் வாசித்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் கூட்டத்திலும் இதைப் பயன்படுத்துகிறவர்கள் மத்தேயு பகுதியை மட்டும் உரக்க வாசித்தால் போதும். மற்ற இரண்டையும் பாடத்தின் நடுவிலே பார்ப்போம்.

திராட்சத்தோட்டக்காரரின் உவமையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். பிரசங்கியார் பெரும்பாலும் விடியற்காலையில் வந்தவர்களின் முறுமுறுப்பிலே தொடங்கி, தேவகிருபையின் தாராளத்திலே முடிப்பார். அது சரியான வியாக்கியானமே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்கிற எனக்கு ஆறாம் ஏழாம் வசனங்களைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை. பொழுது சாயும் நேரத்திலும் சிலர் சந்தைவெளியில் நின்றுகொண்டிருக்கிறார்கள். எஜமான் காரணம் கேட்கிறார். வேலைக்குக் கூப்பிட ஒருவரும் வரவில்லை என்பதே அவர்கள் பதில். உவமையிலே அவர்கள் பேசுவது அந்த ஒரே ஒரு பதில்தான். மறுபடி அவர்கள் வாய் திறக்கவில்லை.

நம் தமிழ் வேதாகமம் அவர்கள் 'சும்மா' நின்றதாகச் சொல்லுகிறது. தமிழிலே சும்மா நிற்கிறவன் என்றால் கொஞ்சம் சோம்பேறி என்ற வாசனை அடிக்கும். மூலமொழியாகிய கிரேக்கத்தில் உள்ள 'ஆர்கோஸ்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'வேலை இல்லாத' என்பதே அதன் நேர்ப்பொருள். சோம்பேறி என்ற பொருளிலும் அந்தச் சொல் வேறு இடங்களில் வரும். ஆனால் இந்த இடத்தில் அப்படிக் கொள்ள முடியாது. சோம்பேறி வீட்டில் படுத்திருப்பான். இவர்களோ கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்தில், மாலை ஐந்து மணி ஆகியும், நிற்கிறார்கள். காலையில் வந்த எஜமான்களெல்லாம் இவர்களை ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லை. நம் ஊர்களில் காலை ஆறு மணிக்குக் கூலியாட்கள் கூடும் நாற்சந்தியைப் பார்த்தவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திடகாத்திரமானவர்கள் முதலில் போய்விடுவார்கள். வயதானவர், நொண்டி நடப்பவர், கை சரியில்லாதவர் கடைசியில் நிற்பார்கள்.

இன்றைக்கு இந்த வசனத்தின் வெளிச்சத்தில் நான் உங்களோடு பேச விரும்புவது தொழுநோயிலிருந்து பூரண சுகம் பெற்றும் வேலை கிடைக்காதவர்களைப் பற்றி. உங்கள் காணிக்கைகள் எந்த இடம்வரை வந்து சேருகின்றன, எந்த இடத்தில் அவை வந்து சேர முடிவதில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் நோக்கம்.

முதலில் சில உண்மைகள். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. 1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டறிந்தார். அது சாபத்தினாலோ பரம்பரையினாலோ வருவதில்லை. பெரும்பாலானவர்களின் உடலுக்கு இயற்கையிலேயே அதை எதிர்க்கும் சக்தி உண்டு. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது முதல், ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை சாப்பிட்டால் நோய் முற்றிலும் குணமாகிறது. மருந்தைத் தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவர்களுக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது. மருந்தும் இலவசம்.

2005 டிசம்பரில் நம் தேசத்தில் தொழுநோய் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டதே, பிறகு ஏன் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று சில ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்த அறிவிப்பின் பொருள், பதினாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவானவர்களே சிகிச்சையில் இருக்கிறார்கள் என்பது. நோயே இல்லை என்பது அல்ல. 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 1,74,000 பேர். அவர்களில் 1,03,000 பேருக்கு மேல் நம் இந்தியாவில். இது புதிய நோயாளிகளின் கணக்கு. முன்னமே குணமடைந்து, ஆனால் கைகால்களில் ஊனத்தோடு வாழ்கிறவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. வேலை தேடி அலைகிறவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான்.

மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் கிருமி கெடுத்துப் போட்ட நரம்பை அது திரும்பக் கொண்டுவராது. முழங்கையருகே ஓடும் நரம்பு பழுதானால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிக்கொள்ளும். கையில் சூடு, குளிர், வலி ஒன்றும் தெரியாது. காலில் நரம்பு கெட்டால் பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. வலி என்பது தேவன் நம் சரீரத்தில் வைத்த காவல்காரன். காவல்காரன் போய்விட்ட வீட்டில் உழைத்துப் பிழைப்பது எப்படி என்பதே இவர்களுடைய அன்றாடக் கேள்வி.

இங்கே லூக்கா 6-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். சூம்பின கையுடைய மனுஷனின் சம்பவத்தை மூன்று சுவிசேஷகர்கள் எழுதுகிறார்கள். அது வலதுகை என்று குறித்து வைத்தவர் லூக்கா ஒருவரே. வைத்தியராகிய அவருக்கு அது முக்கியமாகப் பட்டிருக்க வேண்டும். வலதுகை போனால் தொழில் போயிற்று. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சபைப் பிதாவாகிய ஜெரோம், தம் காலத்து யூத கிறிஸ்தவர்களில் சிலர் வழங்கிய ஒரு சுவிசேஷத்தில் அந்த மனுஷன் ஒரு கொத்தனார் என்றும், வெட்கப்பட்டுப் பிச்சை எடுக்க வேண்டாதபடிக்குத் தன் கையைக் குணமாக்கும்படி இயேசுவிடம் மன்றாடினான் என்றும் இருப்பதாக எழுதி வைத்திருக்கிறார். அது வேதவாக்கியம் அல்ல. அதை உபதேசத்துக்கு ஆதாரமாக வைக்க மாட்டேன். ஆனாலும் அந்த வேண்டுதல் உண்மையான வேண்டுதல். அதே வார்த்தைகளில் இல்லாவிட்டாலும் அதே கருத்தில் நான் அதை வார்டிலே பலமுறை கேட்டிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் சிகிச்சைக்கு வந்த ஒருவர் உண்மையிலேயே கொத்தனார். நாற்பது வயதுக்குள்தான். மருந்து முடித்து, வலதுகையில் ஆபரேஷனும் செய்து, பயிற்சியும் பெற்று, விரல்களை நீட்டி மடக்கும் அளவுக்குத் தேறினார். வீட்டுக்குப் போகும் நாளில் அவரோடு ஜெபித்தேன். எட்டு மாதம் கழித்துக் கையில் பழுத்த புண்ணோடு வந்தார். "என்ன தம்பி, வேலைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டேன். "போனேன் ஐயா. மேஸ்திரி பழைய மேஸ்திரிதான். உனக்கு நல்லாயிடுச்சுன்னு எனக்குத் தெரியுதுப்பா, மத்த ஆளுங்க உன் குடத்துல தண்ணி குடிக்க மாட்டேங்கிறாங்களே, நான் என்ன பண்றதுன்னு கேட்டார்," என்றார். பிறகு சித்தாளாக வேறு ஊரில் சேர்ந்து செங்கல் தூக்கியிருக்கிறார். உணர்ச்சியற்ற கையில் செங்கல்லின் கூர் அறுத்தது தெரியவில்லை. சிமெண்டு புண்ணுக்குள் போயிற்று. புண் ஆற ஓய்வு வேண்டும். ஓய்வெடுத்தால் அன்றைய கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு அரிசி இல்லை. ஆகவே ஓய்வெடுக்கவில்லை.

இந்த ஒரு மனிதரின் கதையில் இரண்டு தடைகள் பின்னிக் கிடக்கின்றன. மேஸ்திரி கெட்டவர் அல்ல. அவர் மற்ற ஆட்களுக்குப் பயப்படுகிறார். அந்தப் பயம் ஒரு தடை. அந்தப் பயத்தினால் தகுந்த வேலை மறுக்கப்பட்டு, தகாத வேலைக்குத் தள்ளப்படுவது அடுத்த தடை. கொத்தனார் வேலையில் அவருக்குக் கைத்திறன் இருந்தது. கரண்டியின் பிடிக்கு ரப்பர் சுற்றிக் கொடுத்தால் இன்னும் பல வருஷம் செய்திருப்பார். செங்கல் தூக்குவதோ அவர் செய்யவே கூடாத வேலை. ஊனம் அவரைத் தடுத்தது பாதி, ஊரார் தடுத்தது பாதி என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. ஊரார் பங்குதான் பெரிது.

இதை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் நம் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். வைத்தியம் படிப்பதற்கு முன்னே கட்டட வேலையும் தச்சு வேலையும் முறையாகக் கற்றவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேன் நடத்திய தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப்போன இடத்தில், மடங்கிப்போன கைகளிலும் இறுகப் பிடிக்கும் பலம் மீந்திருப்பதைக் கவனித்தார். அதிலிருந்து தசைநார்களை இடம் மாற்றி விரல்களை நிமிர்த்தும் ஆபரேஷன் வந்தது. உலகம் அதைப் புகழ்ந்தது. ஆனால் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சிலர் திரும்பி வந்து, கை நேரானதால் பிச்சை போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், வேலை கொடுப்பவரோ ஒருவரும் இல்லை என்று முறையிட்டதைப் பிராண்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். நல்ல கையைக் கொடுத்து அந்த மனிதரின் ஒரே வருமானத்தை எடுத்துவிட்டோம் என்றாகிறது!

பிராண்ட் ஆபரேஷனை நிறுத்தவில்லை. 1950-களின் தொடக்கத்தில் வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பைத் தொடங்கினார். சுகமான வாலிபர்கள் அங்கே தங்கி மரப்பொம்மைகள் செய்யவும் தச்சு வேலை பழகவும் ஏற்பாடு. தச்சு தெரிந்த டாக்டர் பட்டறையிலே அவர்கள் பக்கத்தில் நின்றபோதுதான் இன்னொன்றையும் கண்டார். விரல்கள் குறைந்துபோவது நோய் தின்பதால் அல்ல. சுத்தியலின் பிடி, உளியின் விளிம்பு, அடுப்பின் சூடு ஆகியவற்றால் தெரியாமல் படும் காயங்களால். ஆகவே கருவிகளின் பிடிகளை மாற்றினார்கள், தினமும் கைகளைச் சோதிக்கப் பழக்கினார்கள், காயங்கள் குறைந்தன. வேலை செய்தால் கை கெட்டுப்போகும் என்ற பழைய எண்ணம் தவறு என்பது பட்டறையிலேயே நிரூபணமாயிற்று. 1955-இல் தொடங்கிய கரிகிரி ஆராய்ச்சி மருத்துவமனையும், வடதொரசலூரில் தொழுநோய் மிஷன் நடத்தும் தொழிற்பயிற்சி நிலையமும் இந்த வழியிலே நடந்தவை.

இப்பொழுது சட்டத்துக்கு வருவோம். வேதபாடத்தில் சட்டம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். லேவியராகமமே சட்டப் புத்தகம்தான்.

1898-இல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் தொழுநோயாளர் உணவுப் பொருளோ, பானமோ, மருந்தோ, துணியோ விற்கக் கூடாது; வாடகை வண்டி ஓட்டக் கூடாது, அதில் ஏறவும் கூடாது; அரசாங்கம் குறிப்பிடும் வேறு எந்தத் தொழிலும் செய்யக் கூடாது. பிழைக்க வழியில்லாமல் சுற்றுகிறவர்களைப் பிடித்து அடைக்கலங்களில் வைக்கலாம். தொழிலை எடுத்துவிட்டு, தொழிலில்லாததற்காக அடைத்து வைத்த சட்டம் அது. அந்த மத்தியச் சட்டம் நீக்கப்பட்டது எப்போது தெரியுமா? 2016-இல். மருந்து வந்து முப்பத்தைந்து வருஷம் கழித்து! விவாகரத்துக்குத் தொழுநோய் ஒரு காரணம் என்ற ஷரத்து 2019-இல்தான் எடுக்கப்பட்டது.

1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் தொழுநோயிலிருந்து குணமானவர்களை ஊனமுற்றோர் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம். ஆனால் அதே சட்டம் அரசு வேலையில் மூன்று சதவிகித ஒதுக்கீட்டைப் பிரித்துக் கொடுத்தபோது, பார்வைக் குறைவு, செவிக் குறைவு, கைகால் இயக்கக் குறைவு என்ற மூன்று பிரிவுகளையே சொன்னது. குணமான தொழுநோயாளர் என்ற பெயர் அங்கே இல்லை. பட்டியலில் இருந்தது, பந்தியில் இல்லை! 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைச் சரிசெய்தது. நான்கு சதவிகித ஒதுக்கீட்டில், இயக்கக் குறைவுள்ளோருக்கான ஒரு சதவிகிதத்திலே இவர்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு நாற்பது சதவிகித ஊனம் என்ற சான்று வேண்டும். நம் வார்டிலிருந்து போகிறவர்களில் மிகுதியானவர்கள் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். அவர்களுக்கு எந்த அரசு அலுவலகத்தின் ஒரு சதவிகிதமும் எட்டாது. தனியார் முதலாளிகளுக்குச் சட்டம் ஊக்கம் கொடுக்கச் சொல்லுகிறது, கட்டாயப்படுத்தவில்லை. அரசு ஊழியருக்குப் பணியில் இருக்கும்போது ஊனம் வந்தால் அவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று சட்டம் காக்கிறது. கொத்தனாருக்கு அப்படி யார் காவல்?

சான்றிதழ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேவியராகமம் 14-இல் ஒரு அருமையான ஏற்பாடு உண்டு. குணமானவன் தானாக ஊருக்குள் வந்து நான் சுகமாகிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே அவனிடம் போய்ப் பார்க்கிறான் (14:3). பார்த்தபின் சபையார் அறியும்படி அவனைச் சுத்தமானவன் என்று தீர்க்கிறான். அதாவது, குணத்தை அறிவிக்கும் பாரம் குணமானவன்மேல் இல்லை. சமுதாயத்தின் பொறுப்புள்ளவன்மேல் இருக்கிறது. இன்று நடப்பது நேர்மாறு. சிகிச்சை முடிந்ததும் டாக்டர் தரும் சான்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இவர்கள் அலைகிறார்கள். அந்தத் தாளை நீட்டினாலே, இவருக்கு இந்த நோய் இருந்தது என்று சாட்சி சொன்னதாகிவிடுகிறது. தாளின் தலைப்பில் உள்ள ஆஸ்பத்திரியின் பெயரைப் பார்த்தே முகம் மாறும் முதலாளிகள் உண்டு. ஆகவே பலர் அதைக் காட்டுவதேயில்லை. ஒரு வருஷம் எங்கே போயிருந்தாய் என்ற கேள்விக்கு, வெளியூரில் இருந்தேன் என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கிறார்கள். பிற்பாடு உண்மை தெரிந்தால் பொய் சொன்னான் என்ற பெயரும் சேருகிறது.

விலாசமும் அப்படியே. தொழுநோயாளர் குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நோய் ஒருநாளும் வந்ததில்லை. நர்சிங் முடித்தவர்கள், ஐ.டி.ஐ. முடித்தவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அந்தக் குடியிருப்பின் பெயர் இருக்கிறது. விரல் தேய்ந்தவர்களுக்கு ரேகை பதிவதில்லை என்ற சங்கடமும் கூட. கருவிழிப் பதிவு, விதிவிலக்கு ஆகியவற்றுக்கு விதிகளில் இடமுண்டு என்பது பல இடங்களில் கவுண்டரில் இருப்பவருக்கே தெரிவதில்லை. நம் சமூகப் பணியாளர்கள் கூடவே போய்ப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு காரியத்துக்கு மூன்று நடை. கூலிக்காரருக்கு மூன்று நடை என்றால் மூன்று நாள் கூலி.

பெண்களின் நிலைமை இன்னும் கடினம். எங்கள் பக்கத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் அநேகர். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, முனையை மடித்து நூல் கட்டுவது முழுக்க விரல் நுனியின் வேலை. விரல் நுனியில் உணர்ச்சி போனவளுக்கு அந்தத் தொழில் அதோடு சரி. வீட்டு வேலைக்கும் சமையல் வேலைக்கும் யாரும் கூப்பிடுவதில்லை. இட்லி சுட்டு விற்றால் தெருவில் ஒருவரும் வாங்க மாட்டார்கள். 1898-ஆம் வருஷத்துச் சட்டம் போனாலும் தெருவின் சட்டம் போகவில்லை. கணவன் வேலையிழந்தால் மனைவி தாங்குகிறாள். மனைவிக்கு நோய் என்றால் அநேக வீடுகளில் அவள் தாய்வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறாள்.

இந்த இடத்தில் ஆதரவாளர்களிடம் உரிமையோடு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பண்டிகைக் காலங்களில் தையல் மெஷின் வாங்கித் தர முன்வருகிற சபைகள் அநேகம். உங்கள் அன்புக்கு ஸ்தோத்திரம். ஆனால் மரத்துப்போன பாதத்தை வைத்து நாள் முழுவதும் மிதித்தால் பாதத்தில் புண் வரும். மரத்த விரலில் ஊசி ஏறினாலும் தெரியாது. மோட்டார் பொருத்திய மெஷினும், விரலுக்குக் காப்பும், ஒரு மாதப் பயிற்சியும், எல்லாவற்றுக்கும் மேலாகத் துணி தைக்கக் கொடுக்கிற பத்து வீடுகளும் இருந்தால்தான் அந்த மெஷின் சோறு போடும். அந்தப் பத்து வீடுகளை ஆஸ்பத்திரியால் வாங்கிக் கொடுக்க முடியாது.

பிரசங்கபீடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாவத்துக்குக் குஷ்டரோகத்தை ஒப்பிட்டுப் பேசுவது நம்மிடையே பழகிப்போன வழக்கம். லேவியராகமத்தின் எபிரெயச் சொல் 'சாராத்' என்பது. அது மனிதரின் தோலுக்கு மட்டுமல்ல, துணிக்கும் (13:47) வீட்டுச் சுவருக்கும் (14:34) வருவதாகச் சொல்லப்படுகிறது. நாம் இன்று அறிந்திருக்கிற தொழுநோய் துணிக்கும் சுவருக்கும் வராது. இரண்டும் ஒன்றல்ல என்பதை வேத அறிஞர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் குஷ்டரோகம் என்ற சொல்லை விட்டுத் தொழுநோய் என்று போட்டிருக்கிறது. சொல் கொஞ்சம் மரியாதையானது, ஆனால் குழப்பம் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில், அழுகிப்போன பாவம், குஷ்டம்போல் பரவும் பாவம் என்று கேட்ட ஒரு கடை முதலாளி, திங்கட்கிழமை வேலை கேட்டு வருகிறவரை எந்தக் கண்ணால் பார்ப்பார்? அந்த ஆராதனையிலேயே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். ஆயர்மார் தயவுசெய்து இதை யோசிக்க வேண்டும்.

மறுபடி உவமைக்கு வருகிறேன். எஜமானுக்கு ஒரு காரியக்காரன் இருந்தான் (8-ஆம் வசனம்). ஆள் கூட்டிவர அவனை அனுப்பியிருக்கலாம். ஆனால் ஐந்து தடவையும் எஜமானே சந்தைவெளிக்குப் போகிறார். கடைசித் தடவை போனபோது அவருக்கு ஆள் தேவைப்பட்டதாகவும் சொல்லப்படவில்லை. ஒரு மணி நேரத்தில் என்ன வேலை நடந்துவிடப் போகிறது? இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் மனதில் முழு நாள் கூலியைக் கொடுக்கத்தான் இருந்தது. அதைச் சந்தையிலேயே அவர்கள் கையில் கொடுத்து, பாவம், வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பியிருக்கலாம். செலவு அதே செலவுதான். அப்படிக் கொடுத்திருந்தால் அது தர்மம். அவரோ தோட்டத்துக்குள்ளே அனுப்பினார். மற்ற வேலைக்காரரோடு ஒரே வரிசையில் நின்று, காரியக்காரன் கையிலிருந்து கூலியாக வாங்கிக்கொண்டு போகச் செய்தார். அந்த ஒரு மணி நேர வேலை அவருக்காக அல்ல, அவர்களுக்காக என்றே நான் எண்ணுகிறேன்.

நம் சபைகளின் கையில் எத்தனை திராட்சத்தோட்டங்கள்! பள்ளிகள், விடுதிகள், கல்லூரிகள், அச்சகங்கள், முதியோர் இல்லங்கள், கல்லறைத் தோட்டம், ஆலய வளாகம். தோட்டக்காரர், காவலாளி, அலுவலக உதவியாளர், நூலக உதவியாளர், மணி அடிப்பவர் என்று எத்தனையோ பேரை வருஷந்தோறும் எடுக்கிறோம். இந்த நிறுவனங்கள் பலவற்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் காணிக்கை வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டால்தான் பதில் தாமதப்படுகிறது.

தாமதப்படாத இடமும் ஒன்று உண்டு. ஒரு சேகரத்துப் பள்ளியின் தாளாளர் தோட்ட வேலைக்கு ஆள் வேண்டும் என்றார். நம்மிடம் குணமான ஒருவர் இருக்கிறார் என்றோம். பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்களே என்று அவர் வெளிப்படையாகவே பயந்தார். அந்தப் பயத்தை மறைக்காமல் சொன்னது நல்லதாயிற்று. நம் டாக்டரம்மா ஆசிரியர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினார்கள். பெற்றோர் சங்கக் கூட்டத்திலும் பேசினார்கள். கேள்விகள் கடுமையாகவே வந்தன. இரண்டு பேர் எழுந்து போனார்கள். மூன்று மாதம் பரீட்சார்த்தமாக வைப்பது என்று முடிவாயிற்று. மண்வெட்டிக்கும் வாளிக்கும் கனமான ரப்பர் பிடி போட்டோம். உணர்ச்சியற்ற பாதத்துக்கு எம்.சி.ஆர். செருப்பு. மாலையில் வீட்டுக்குப் போகுமுன் அரைமணி நேரம் கைகால்களைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, காயம் பார்க்க அனுமதி. மூன்று மாதம் முடிந்து ஆறு வருஷம் ஆகிறது. எந்தப் பிள்ளையும் நின்றுபோகவில்லை. அந்தப் பள்ளியின் பப்பாளி இப்போது விடுதிச் சமையலுக்குப் போகிறது.

உங்கள் சபையிலோ நிறுவனத்திலோ கடையிலோ இப்படி ஒரு இடம் இருந்தால், ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: என்ன வேலை, வெயிலிலா நிழலிலா, நெருப்பும் சூடும் உண்டா, நாள் முழுவதும் நிற்க வேண்டுமா, நடக்க வேண்டுமா, உட்காரலாமா, எவ்வளவு எடை தூக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டுமா, சம்பளம் எவ்வளவு, தங்க இடம் உண்டா. யாராவது ஆட்சேபிப்பார்கள் என்று நினைத்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், டாக்டர் நேரில் வந்து பேசுவார். எந்த வேலை எந்தக் கைக்குத் தகும் என்று பார்த்து நம் பிசியோதெரபிப் பிரிவினர் ஆளைத் தெரிந்தெடுப்பார்கள். தாளைத் தனித் தபாலில் அனுப்ப வேண்டியதில்லை. காணிக்கை அனுப்பும் உறையிலேயே வைத்துவிடலாம்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஆயர்